புரோத்ராபூரில் பூமி ஆடவில்லை

அந்தமான் போகும் கப்பலில் நாலு நாளும் எங்கள் கருவிப் பெட்டியின்மேல் ஒரு கூட்டம் சீட்டு விளையாடிக்கொண்டே வந்தது. ‘ஆட்டாதே, உட்காராதே’ என்று மூன்று மொழியில் நானே சிவப்புச் சாயத்தால் எழுதியிருந்தேன். அந்த எழுத்தின்மேல்தான் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். போய்க் கேட்டால், “பதறாதீங்க சார், சீட்டை மெதுவாத்தான் போடுறோம்” என்றார் ஒருவர். எங்கள் பேராசிரியர் சதாசிவத்திடம் முறையிடலாம் என்றால், முதல் நாளே வாந்தியெடுத்துக் கவிழ்ந்து படுத்தவர், கரை கண்ணில் படும்வரை நிமிரவே இல்லை.

பெட்டிக்குள் இருந்தது நிலநடுக்கத்தைப் பதியும் கருவி. உள்ளே ஒரு கனமான எடை தொங்கும். பக்கத்தில் கரித்தாள் சுற்றிய உருளை ஒன்று மெதுவாகச் சுழலும். தரை சும்மா இருந்தால் ஊசி அந்தக் கரியில் நேர்கோடு கிழிக்கும். அசைந்தால் கோடு கோணும். தாளை மண்ணெண்ணெய்ப் புகையில் காட்டிக் கரி ஏற்றுவது என் வேலை. பல்கலைக்கழகத்தில் நான் பாடம் நடத்துபவன் அல்ல, கருவிகளைக் கட்டி ஓட்டுபவன். இந்தக் கருவியை எட்டு மாதம் உட்கார்ந்து என் கையாலேயே கோத்தேன். அது பரீட்சை எழுதப் போகிறது, நான் கூடப் போகிறேன் என்ற நினைப்பில்தான் கப்பல் ஏறினேன்.

பரீட்சை என்றால் இதுதான். எழுபதுகளின் தொடக்கம் அது. அந்தமானில் பூமி அடிக்கடி அசைகிறது என்பது தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு என்பதுதான் தெரியாது. மூன்று வாரம் கருவியை ஓட்டிப் பார்க்க வேண்டும். கருவி காட்டுவதும் ஊர்க்காரர்கள் உணர்ந்ததும் ஒத்துப்போனால் அங்கேயே நிரந்தரமாக ஒரு நிலையம். ஒத்துப்போகாவிட்டால் பெட்டியும் நானும் அடுத்த கப்பலில் திரும்ப வேண்டியதுதான்.

போர்ட்பிளேரில் சூரியனுக்குப் பொறுமை கிடையாது. ஐந்து மணிக்கே ஜன்னலுக்குள் வந்து நின்றுகொண்டு, எழுந்திரு என்கிறது. சென்னையில் அந்த நேரத்தில் பால்காரன்கூட வந்திருக்க மாட்டான். நாங்கள் தங்கியது ஷாதிபூரில், மரப்பலகை வீடு ஒன்றின் மாடியில். நடந்தால் பலகை முனகும். பேராசிரியர் இருமினால் என் கட்டிலுக்குத் தெரியும். நல்லவேளை, கருவியை வைக்க நாங்கள் தேர்ந்தெடுத்தது இந்த வீடு அல்ல. ஊருக்கு வெளியே புரோத்ராபூர்.

ஓர் அரசு அலுவலகம் எங்களுக்கு ஜீப்பும் டிரைவரும் கொடுத்து உதவியது. டிரைவர் அப்பாராவ் தெலுங்குக்காரர். நான் தமிழன். இருவரும் பேசிக்கொண்டது ஹிந்தியில், அதுவும் இந்தத் தீவுக்கென்றே உள்ள ஹிந்தியில். ஆண்பால் பெண்பால் வம்பெல்லாம் அதில் இல்லை, அதனால் எனக்கு இரண்டே நாளில் பிடிபட்டது. பெட்டியைப் பார்த்ததும், “இது என்ன செய்யும்?” என்று கேட்டார். பூமி ஆடுவதை எழுதும் என்றேன். “அதை எழுத மெயின்லேண்டிலிருந்து வர வேண்டுமா? என்னைக் கேட்டால் சொல்லியிருப்பேனே” என்றார்.

புரோத்ராபூர் போகும் வழியில் ஜீப் சேற்றில் முன்சக்கரம் வரை இறங்கியது. தென்னந்தோப்பிலிருந்து பத்துப் பேர் ஓடிவந்து தள்ளினார்கள். வங்காளத்தில் ஒருவர் ‘ஒன்று இரண்டு’ சொல்ல, மலையாளத்தில் ஒருவர் திட்ட, தமிழில் நான் “பெட்டி, பெட்டி” என்று அலற, ஜீப் வெளியே வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சேற்றைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நாங்கள் இறங்கி வேலையை ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. நாடாவைப் பிடித்து அளந்தோம். சிவப்புத் தலை போட்ட முளைக்குச்சிகளை நான்கு மூலையிலும் அடித்தோம். பேராசிரியர் வரைபடத்தை ஜீப்பின் முன்மூக்கில் விரித்துவைத்துக் கைகாட்டினார். நிமிர்ந்து பார்த்தால் பத்துப் பேரில் ஒருவரும் இல்லை. வெயில் ஏறிவிட்டது, போய்விட்டார்கள் என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். அடுத்த நாள் முளைக்குச்சிகளும் இல்லை.

குழி வெட்டி, கல் பாவி, கருவியை இறக்கி, மேலே தகரம் போட்டோம். குழிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. அதில் பாக்கியம் என்ற அம்மாளும் அவர் கணவர் முருகையாவும் இருந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு இங்கே குடியேறியவர்கள். தமிழ்க்குரல் கேட்டதில் எனக்கு வாயெல்லாம் பல். “உங்களுக்கு எந்த ஊர்ம்மா?” என்று கேட்டேன். “இந்த ஊருதாங்க சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கருவி ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை அபர்தீன் பஜாரில் அந்தோணி அண்ணாச்சி மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். சாம்பாரில் வெங்காயம் இல்லையே என்றால், “கப்பல் வந்தாத்தான் சார் வெங்காயம், வெங்காயம் வந்தாத்தான் சாம்பார். அதுவரைக்கும் இது வெறும் பருப்புத் தண்ணி, தெரிஞ்சேதான் ஊத்துறேன்” என்பார். அன்று திடீரென்று டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. பெஞ்சு என்னை லேசாகப் பின்னால் தள்ளியது. நான் இட்லியோடு எழுந்து நின்றுவிட்டேன்.

“உக்காருங்க சார். இது சும்மா. போன மாசம் ஒண்ணு வந்துச்சு பாருங்க, சாம்பார் அண்டா தானா நடந்து வாசல் வரைக்கும் வந்துடுச்சு” என்றார் அண்ணாச்சி, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல்.

எனக்குப் பயத்தைவிட சந்தோஷம் அதிகம். ஜீப்பை விரட்டிக்கொண்டு புரோத்ராபூர் போனால், கரித்தாளில் அழகான கோணல்! ஊசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியிருந்தது. என் பிள்ளை பாஸ் என்று மனசுக்குள் கூவினேன். கேள்வித்தாள்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டோம். தொங்கும் பொருள் ஆடியதா, பாத்திரம் சத்தமிட்டதா, தூங்குகிறவர் விழித்தாரா என்று பத்துக் கேள்வி.

முதல் வீட்டில் “இல்லை.” இரண்டாம் வீட்டில் “இல்லை.” மூன்றாவது, சந்தியா என்ற வங்காளப் பெண்மணியின் வீடு. எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்று அழைக்கும் அவர் ஹிந்தியில் சொன்னார்: “எங்கள் பக்கத்து மண் ரொம்பச் சோம்பேறி பாபு. உதைத்தால்கூட அசையாது.” பாக்கியம் வீட்டில் முருகையா என் முகத்தைப் பார்க்காமல், “ஒண்ணும் தெரியலிங்க” என்றார். இப்படியே இருபது வீடு.

மாலையில் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். “தணிகாசலம், ஒரு கருவி பழுதாகலாம். இருபது பேர் சேர்ந்து பொய் சொல்வார்களா?”

“சார், மெஸ்ஸில் நாமே உணர்ந்தோமே?”

“அது மெஸ். குழி இருக்கும் இடத்தில் இத்தனை பெரிய கோணல் விழுந்து, ஒரு பாத்திரம்கூட அசையவில்லை என்றால், உன் கருவி ஒன்றைப் பத்தாக்கிக் காட்டுகிறது. சரிசெய், இல்லை கட்டிவை.”

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சாகாது. மறுநாள் முழுக்கக் கருவியைக் கழற்றிக் கோத்தேன். திருகு திருகாகப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஒரு குறையும் இல்லை. பிறகு வீடுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். கருவிக்காரனுக்குக் கண் சும்மா இருக்காது. அலமாரித் தட்டுகளின் முன்னால் எல்லா வீட்டிலும் ஒரு குறுக்குச் சட்டம் அடித்திருந்தது. எண்ணெய்ப் போத்தல்களின் கழுத்தைக் கயிற்றால் ஆணியோடு கட்டியிருந்தார்கள். பானைகள் கயிற்றுப் புரிமணையில் அழுந்தி உட்கார்ந்திருந்தன. தண்ணீர்க் குடத்தை யாருமே முழுதாக நிரப்புவதில்லை, கழுத்துக்கு நாலு விரல் கீழேயே நிறுத்திவிடுகிறார்கள். சென்னையில் என் வீட்டில் குழாயில் தண்ணீர் வந்தால் குடம் வழிந்து ஓடும்வரை என் மனைவி நகரமாட்டாள். சோம்பேறி மண்ணுக்கு எதற்கு இவ்வளவு கட்டுக்காவல்?

ஆறாம் நாள் மதியம் பெருமழை. ஜீப் பேராசிரியரோடு போர்ட்பிளேருக்குப் போயிருந்தது. குழியின் தகரத்துக்கு மேலே என் குடையைப் பிடித்துக்கொண்டு நான் நனைந்துகொண்டிருந்தேன். பாக்கியம் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏங்க சார், பொட்டிக்குக் கொடை புடிக்கிறீங்க, ஒங்களுக்கு யாரு புடிக்கிறது? உள்ள வாங்க. சோறு இருக்கு.”

சிவப்பரிசிச் சோறு, சூரை மீன் குழம்பு, தேங்காயும் மிளகாயும் வைத்து அரைத்த சம்பல். சம்பலின் காரம் காதுவரை ஏறியது. முருகையாவும் நானும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்தோம். கிராமத்துச் சாப்பாடு, நகரத்துச் சாப்பாடு என்றெல்லாம் ஒப்பிட எனக்கு வாய் ஒழியவில்லை. இரண்டாம் முறை குழம்பு ஊற்றியிருந்தார்.

அப்போது முருகையா தன் தட்டைத் தரையிலிருந்து கையில் எடுத்துக்கொண்டார். அதே நொடியில் பாக்கியம் ஒரு கையால் குழம்புச் சட்டியைத் தூக்கி, மறு கையால் குடத்தின் கழுத்தைப் பிடித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகுதான் தரை இழுத்தது. சுவர்ப் பலகைகள் கிறீச்சிட்டன. கூரையிலிருந்து தூசி விழுந்தது. அந்த வீட்டில் தரையில் இருந்த ஒரே தட்டு என்னுடையது. குழம்பு மொத்தமும் என் வேட்டியில்.

அடங்கியதும் முருகையா தட்டைக் கீழே வைத்துச் சாப்பிடத் தொடங்கினார். பாக்கியம் துணி ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

“காத்துங்க சார்” என்றார்.

கதவு சாத்தியிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முருகையா தலை குனிந்தபடியே குலுங்கிச் சிரித்தார். கடைசியில் பாக்கியமும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

சிரித்து ஓய்ந்ததும் கேட்டேன்: “ஏன்க்கா இல்லைன்னு சொன்னீங்க? உங்களால என் கருவி பழுதுன்னு ஆயிடுச்சு.”

“ஒங்க தாள்ல முத வரி என்ன?”

“பேரு.”

“ரெண்டாவது வரி?”

“நில எண்.” வரைபடத்தில் குறிக்க வசதியாக இருக்கும் என்று பேராசிரியர் சேர்த்த வரி அது.

பாக்கியம் குழம்புச் சட்டியைப் புரிமணையில் வைத்தார். “தோட்டத்துல நாங்க இருந்த லயத்து வீட்டுக்கு வந்து ஒரு தாள்ல பேரு எழுதுனாங்க. கப்பல்ல ஏத்துனாங்க. மண்டபம் கேம்புல இன்னொரு தாள்ல எழுதுனாங்க. மறுபடி கப்பல். இங்க வந்து காட்ட வெட்டி, வேரப் புடுங்கி, இப்பத்தான் ரெண்டு போகம் எடுத்திருக்கோம். பட்டா இன்னும் வரல. இந்த நேரத்துல ஜீப்புல வந்து செவப்புக் குச்சி அடிச்சு, நாடா புடிச்சு, ஒங்க நெலம் ஆடுதான்னு கேக்குறீங்க. ஆடுதுன்னு சொன்னா, ஆபத்தான எடம், காலி பண்ணுன்னு வராதா? ஒரு பக்கத்துல மண்ணு சரிஞ்சுச்சுன்னு இருந்தவங்கள வேற தீவுக்கு மாத்திட்டாங்களாம். மூணாவது தாள்ல நான் பேரு குடுக்க மாட்டேன் தம்பி.”

சார் போய்த் தம்பி ஆகியிருந்தேன்.

“ஆனா பயமா இல்லையா? தரை ஆடுதே.”

“ஆடட்டுமே. ஆடிட்டு அதே எடத்துலதான நிக்குது? எங்களத்தான் ஒரு எடத்துல நிக்க விடல.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஜீப், நாடா, சிவப்புக் குச்சி, வரைபடம் என்று நில அளவைக்காரர்களின் அத்தனை வேஷத்தையும் போட்டுக்கொண்டு வந்துவிட்டு, ஜனங்கள் ஏன் உண்மை பேசவில்லை என்று கோபப்பட்டிருக்கிறோம். முளைக்குச்சிகள் எந்த அடுப்பில் போயின என்று அப்போது புரிந்தது. நான் கேட்கவில்லை.

பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்தேன். பெயர் என்ற இடத்தில் ‘கோ. தணிகாசலம்’ என்று எழுதினேன். நில எண்ணை அடித்துவிட்டு, ‘கருவிக்கு வடக்கே நாற்பது காலடி’ என்று எழுதினேன். ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் தட்டுக் குழம்பு முழுவதும் கொட்டியது.’ எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

“இதுல பொய் ஒண்ணும் இல்லியே” என்றார் முருகையா.

“நீங்க அந்த நேரம் குடத்தப் புடிச்சீங்களே, அதையும் எழுதட்டுமா அக்கா?”

பாக்கியம் யோசித்தார். “ஒங்க பேர்லயா?”

“என் பேர்லதான்.”

“அப்ப எழுதுங்க. குடம் ஒரு சொட்டுகூடச் சிந்தலன்னு சேத்து எழுதுங்க.”

மறுநாள் காலையில் குழிக்குப் பக்கத்தில் வரிசை நின்றது. சந்தியா தீதிதான் முதலில். அவருடைய சோம்பேறி மண் போன மூன்று மாதத்தில் எத்தனை முறை குதித்தது என்று அவருக்கு மனப்பாடம். ஒவ்வொருவரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: “உன் பெயரில்தானே?” அப்பாராவ் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார், நடுநடுவே தன் அனுபவத்தையும் நுழைத்தார். நான் எழுதி எழுதிக் கை ஓய்ந்தேன்.

சாயங்காலம் பேராசிரியர் தாள்களைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி புரட்டினார்.

“நேற்று மதியம் ஒரே நிமிஷத்தில் நீ பதினாறு வீட்டில் இருந்திருக்கிறாய்.”

“ஆமாம் சார்.”

“ஒரு வீட்டில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.”

“ஆமாம் சார்.”

அடுத்து வெடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் வெடிக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், மூன்றாவது தாளைப் பற்றிப் பாக்கியம் சொன்னதையும் சொன்னேன். ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு, “இந்த நில எண் வரியைச் சேர்த்தது யார்?” என்றார்.

“நீங்கதான் சார்.”

பேனாவை எடுத்து, மீதியிருந்த கேள்வித்தாள்கள் அத்தனையிலும் அந்த வரியையும் பெயர் வரியையும் தன் கையாலேயே அடித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணாச்சி ஆளனுப்பிக் கூப்பிடும்வரை அடித்துக்கொண்டிருந்தார். காலடிக் கணக்கை வைத்து வரைபடத்தில் புள்ளி வைத்தபோது, கருவியின் கோணல்களும் ஊர்க்காரர்கள் சொன்னதும் கச்சிதமாகப் பொருந்தின. என் தோளில் தட்டி, “உன் கருவியில் குறையில்லை அப்பா” என்றார். அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

நிலையம் உறுதியானது. கருவி தங்கியது, நான்தான் கிளம்ப வேண்டும். கரித்தாள் மாற்ற ஓர் அலுவலரைப் பழக்கினோம். ஆட்டத்தை உணர்ந்தால் எழுதிப்போட ஓர் ஆள் தேவைப்பட்டது. என் அலுவலக விலாசம் எழுதிய ஒரு கட்டு அஞ்சலட்டைகளைத் தயங்கித் தயங்கிப் பாக்கியத்திடம் நீட்டினேன்.

“எழுதத் தெரியுமாக்கா?”

“தோட்டத்து ஸ்கூல்ல அஞ்சு வரைக்கும் படிச்சிருக்கேன். என்ன நெனச்சீங்க?” என்று வாங்கிக்கொண்டார். “ஆனா ஒங்க பேர்லதான் எழுதுவேன். நீங்கதான ஆரம்பிச்சு வச்சீங்க.”

பயணத்துக்கு ஒரு போத்தல் சம்பல் கொடுத்தார். கழுத்தில் கயிறு கட்டி, ஆணியில் மாட்டக் கண்ணியும் போட்டிருந்தார். திரும்பும் வழியில் கடல் எங்களைப் புரட்டி எடுத்தது. பேராசிரியர் வழக்கம்போலக் கவிழ்ந்தார். சம்பல் ஒரு துளி சிந்தவில்லை.

அதற்குப் பிறகு சென்னையில் எனக்கு என்னிடமிருந்தே கடிதங்கள் வர ஆரம்பித்தன. ‘அன்புள்ள தம்பிக்கு, செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன். தரை இரண்டு தடவை இழுத்தது. ஆடு கத்தியது. இப்படிக்கு, தணிகாசலம்.’ அடுத்த மாதம் நான் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்து சந்தியா தீதியின் மகள் கல்யாணத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலக எழுத்தர் ஒவ்வொரு கார்டையும் உரக்கப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். “நேத்து என்ன சார், உரல்ல மாவு இடிச்சீங்களாமே?” என்பார். கருவி அனுப்பும் தாளில் அதே நாள், அதே மணியில் கோணல் இருக்கும். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு மழைநாளில் எழுத்தர் கார்டை உரக்கப் படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

‘அன்புள்ள தணிகாசலம் தம்பிக்கு, நேற்று மதியம் ஒரு மணிக்கு எங்கள் வீட்டில் நானும் அவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தரை நன்றாக ஆடியது. குடம் சிந்தவில்லை. இப்படிக்கு, மு. பாக்கியம், புரோத்ராபூர்.’

கீழே ‘பட்டாப்படி நில எண்’ என்று போட்டு, எண். அதைக் கேட்டு அந்தக் கார்டில் எந்த வரியும் இல்லை. அவராகவே கோடு போட்டு ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்.